இரு கும்பல்களுக்கு நடுவே ஓர் அந்நியன்: பழிவாங்கும் கதைகளுக்கு அச்சு வார்த்த டாஷியல் ஹாமெட்

ஒரு நகரம். அதைக் கூறு போட்டுக்கொண்ட ரவுடிக் கும்பல்கள். விலைபோன காவல்துறை. வெளியூரிலிருந்து வந்திறங்கும் பெயர் தெரியாத ஒருவன் அந்தக் கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, எல்லாரும் மடிந்த பின் ஊரைவிட்டுக் கிளம்பிப் போகிறான். இந்தக் கதையை எந்த மொழியிலும் பார்த்திராத திரைப்பட ரசிகர் அரிது. ஆனால் அதற்கு அச்சு வார்த்தவர் எட்டாண்டுகள் தனியார் துப்பறியும் நிறுவனம் ஒன்றோடு தொடர்பிலிருந்து, அத்தகைய ஊர்களை நேரில் கண்டவர் என்பதும், தம் ஐம்பத்தேழாம் வயதில் சில பெயர்களைச் சொல்ல மறுத்துச் சிறை சென்றவர் என்பதும் பலரும் அறியாதவை.

அவர் அமெரிக்க எழுத்தாளர் சாமுவேல் டாஷியல் ஹாமெட். 1894-ஆம் ஆண்டு மே 27-ஆம் தேதி மேரிலாண்ட் மாநிலத்தில் பிறந்தார். பால்டிமோர் நகரில் வளர்ந்தார். தந்தைக்கு நிலையான வருமானம் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த சில மாதங்களிலேயே படிப்பை நிறுத்திவிட்டு, குடும்பத்தைத் தாங்க வேலைக்குப் போனார். ரயில்வே அலுவலகத்தில் எடுபிடி வேலை, சரக்குக் கணக்கு, கூலி வேலை என எதிலும் நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1915-இல் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தின் பால்டிமோர் கிளையில் சேர்ந்தார். அந்தக் கிளை இயங்கிய கட்டடத்தின் பெயர் கான்டினென்டல். பின்னாளில் அவர் படைத்த துப்பறிவாளர் பணிபுரியும் நிறுவனத்துக்கும் அதே பெயரைத்தான் சூட்டினார்.

பிங்கர்டன் நிறுவனம் அன்று அமெரிக்காவின் பெரிய தனியார் காவல் படை. திறந்த கண் ஒன்றே அதன் சின்னம். வங்கித் திருடர்களையும் ரயில் கொள்ளையரையும் பிடிப்பது அதன் பெருமை. தொழிலாளர் வேலைநிறுத்தங்களை முறியடிக்க முதலாளிகளுக்கு ஆள் அனுப்புவது அதன் வருவாய். இரண்டாவது வேலையைப் பற்றி நிறுவனம் அதிகம் பேசவில்லை. இளைஞர் ஹாமெட் இரண்டையும் பார்த்தார். ஆளைத் தெரியாமல் பின்தொடர்வது, விடுதி வாசலில் இரவெல்லாம் காத்திருப்பது, மறுநாள் காலை அலங்காரமில்லாத நடையில் அறிக்கை எழுதித் தருவது ஆகியவை அவரது அன்றாடம். யார், எத்தனை மணிக்கு, எந்தக் கதவு வழியாக, கையில் என்ன என்பதைத் தவிர அந்த அறிக்கைகளில் வேறெதற்கும் இடமில்லை. ஒருவர் என்ன நினைத்தார் என்பதை எழுதாமல், என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதும் அவரது பிற்கால உரைநடைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது திறனாய்வாளர்கள் பலரின் கருத்து.

பியூட் நகரின் நிழல்

மொண்டானா மாநிலத்தின் பியூட் நகரம் அக்காலத்தில் செப்புச் சுரங்கங்களால் வாழ்ந்த ஊர். அனகோண்டா என்ற சுரங்க நிறுவனமே அங்கு அரசு, நீதி, பத்திரிகை எல்லாம். 1917-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்பெக்குலேட்டர் சுரங்கத்தில் ஏற்பட்ட தீயில் 160-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். அதைத் தொடர்ந்து வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளரைத் திரட்ட வந்த ஃபிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கத் தலைவரை, ஆகஸ்ட் 1-ஆம் தேதி அதிகாலையில் முகமூடி அணிந்த சிலர் விடுதி அறையிலிருந்து இழுத்துச் சென்று ரயில் பாலம் ஒன்றில் தூக்கிலிட்டனர். அந்தக் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

லிட்டிலைக் கொல்ல 5,000 டாலர் தருவதாகத் தம்மிடம் பேரம் பேசப்பட்டது என்று ஹாமெட் கூறியதாக, அவருடன் முப்பது ஆண்டுகள் நெருங்கியிருந்த நாடக ஆசிரியை லில்லியன் ஹெல்மன் பின்னாளில் எழுதினார். இதை வாழ்க்கை வரலாற்று ஆய்வாளர்கள் முழுமையாக ஏற்கவில்லை. அப்படி ஒரு பேரம் நடந்ததோ இல்லையோ, அந்த ஊரின் சாயல் பத்து ஆண்டுகள் கழித்து அவரது பேனாவில் இறங்கியது.

இடையில் அவரது உடல் குலைந்தது. 1918-இல் ராணுவத்தின் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்தவரை, உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் தாக்கியது. அதன் பின்னால் காசநோய் வந்தது. போர்முனையைப் பார்க்காமலே 1919-இல் விடுவிக்கப்பட்டார். மருத்துவமனையில் தம்மைப் பராமரித்த செவிலியர் ஜோசஃபின் டோலனை 1921-இல் சான் பிரான்சிஸ்கோவில் மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தனர். மழையிலும் பனியிலும் ஆளைப் பின்தொடரும் வேலைக்கு நுரையீரல் இடம் தரவில்லை. 1922-க்குள் பிங்கர்டன் பணி முடிவுக்கு வந்தது.

வேறு வழி தெரியாத நிலையில்தான் அவர் எழுத உட்கார்ந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. கையில் ராணுவ ஊனமுற்றோர் ஓய்வூதியம் சிறிதளவு, வீட்டில் கைக்குழந்தை. பகலில் நகரப் பொது நூலகத்தில் படிப்பு, இரவில் எழுத்து. 1923 அக்டோபரில், மலிவுக் காகிதத்தில் அச்சாகிவந்த 'பிளாக் மாஸ்க்' இதழில் பீட்டர் காலின்சன் என்ற புனைபெயரில் ஒரு கதை வெளியானது. அதில்தான் கான்டினென்டல் நிறுவனத்தின் துப்பறிவாளர் முதன்முறையாக வந்தார். குள்ளமானவர், பருத்தவர், நடுவயதைத் தொட்டவர். அவருக்கு ஆசிரியர் கடைசிவரை பெயரே வைக்கவில்லை.

அதுவரை துப்பறியும் கதை என்றால் பெரும்பாலும் மாளிகை, நூலக அறை, விஷக் கோப்பை, மூளையால் முடிச்சவிழ்க்கும் மேதை. ஹாமெட்டின் ஆள் சம்பளத்துக்கு வேலை செய்பவர், செலவுக் கணக்கு எழுதுபவர், அடி வாங்குபவர். வாசகர்கள் உடனே வித்தியாசத்தை உணர்ந்தனர். 1926-இல் விளம்பர வாசகம் எழுதும் பணியில் சேர்ந்து, சில மாதங்களில் அலுவலகத்திலேயே ரத்தம் கக்கி விழுந்தார். நோய் தொற்றிவிடும் என்பதால் குழந்தைகளை விட்டு விலகியிருக்குமாறு மருத்துவத் துறையினர் அறிவுறுத்தினர். குடும்பம் ஒரு வீட்டில், அவர் வேறொரு அறையில் என வாழ்க்கை பிரிந்தது. மிகச் சிறந்த எழுத்து அந்தத் தனிமையின் ஆண்டுகளில்தான் வந்தது.

நஞ்சூர்

1927 நவம்பர் முதல் நான்கு பகுதிகளாக 'பிளாக் மாஸ்க்' இதழில் வெளிவந்து, 1929 பிப்ரவரியில் நூலாக அச்சேறியது 'ரெட் ஹார்வெஸ்ட்', அதாவது சிவப்பு அறுவடை. அதே மாதம் 14-ஆம் தேதி சிகாகோவில் கள்ளச்சாராயக் கும்பல்களின் பகையில் ஏழு பேர் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாவலில் மிகை இருப்பதாக எண்ணிய வாசகருக்கு அன்றைய நாளேடே பதில் சொல்லியிருக்கும்.

கதை நிகழும் ஊரின் பெயர் பெர்சன்வில். ஊராரின் வாயில் அது பாய்சன்வில். தமிழில் சொன்னால் நஞ்சூர். உள்ளூர்ப் பத்திரிகை அதிபர் ஒருவர் அழைத்ததால் பெயரற்ற துப்பறிவாளர் அங்கு வருகிறார். சந்திக்கும் முன்பே அழைத்தவர் கொலையாகிறார். அவருடைய தந்தை எலிஹு வில்சன் சுரங்க முதலாளி, ஊரே அவருடையது. வேலைநிறுத்தத்தை ஒடுக்க அவர்தாம் அடியாட்களை வெளியூரிலிருந்து வரவழைத்தார். வேலைநிறுத்தம் ஒடுங்கியது, வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. சூதாட்டம் ஒருவர் கையில், கள்ளச்சாராயம் ஒருவர் கையில், காவல்துறை நூனன் என்ற தலைமை அதிகாரியின் பையில். கிழவர் தம் ஊருக்குத் தாமே கைதியாகிறார்.

ஊரைச் சுத்தம் செய்யத் துப்பறிவாளருக்குப் பத்தாயிரம் டாலர் காசோலை தருகிறார் கிழவர். விரைவிலேயே மனம் மாறி, வேலையை நிறுத்தச் சொல்கிறார். நாவலின் உயிர்நாடி இந்த இடம்தான். சம்பளக்காரர் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் காவல்துறைத் தலைவர் இவரை இரண்டு முறை கொல்ல முயன்றுவிட்டார். வேலை சொந்தப் பகையாக மாறுகிறது. கும்பல் தலைவர்கள் ஒவ்வொருவரிடமும் உண்மையில் ஒரு துண்டையும் பொய்யில் ஒரு துண்டையும் சொல்லி அவர்களை மோதவிடுகிறார். கிழவரின் வீட்டில் சமாதானக் கூட்டம் ஒன்றையும் அவரே கூட்டுகிறார். கூட்டம் கலைந்து வெளியே சென்ற நூனன் உயிரோடு இல்லை.

கொலைகள் இருபதைத் தாண்டுகின்றன. அவற்றை எண்ணும் பொறுப்பையும் ஆசிரியர் தம் கதாநாயகனிடமே விட்டுவிடுகிறார். தினா பிராண்ட் என்ற பெண்ணின் வீட்டில் குடித்தபடி, இதுவரை விழுந்த உடல்களை அவர் கணக்குப் போடுகிறார். சட்டப்படி செய்திருக்கலாம், ஆனால் இப்படிச் செய்வது எளிதாகவும் மனதுக்கு நிறைவாகவும் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறார். அபின் கலந்த மது அன்றிரவு அவரை வீழ்த்துகிறது. விடிந்து கண் விழிக்கும்போது அவரது கை ஒரு பனிக்கட்டிக் குத்தூசியின் பிடியைப் பற்றியிருக்கிறது. ஊசியின் மறுமுனை அந்தப் பெண்ணின் நெஞ்சில். தாம்தான் கொன்றோமா என்பது அவருக்கே தெரியவில்லை. உண்மை வெளிப்பட இன்னும் பல பக்கங்கள் ஆகின்றன. அதுவரை வாசகருக்கும் நிச்சயமில்லை.

இந்தக் காட்சிக்குப் பிறகு வந்த எத்தனையோ பழிவாங்கும் கதைகளில் நாயகன் கறைபடாமல் வெளியேறுகிறான். ஹாமெட் அந்தச் சலுகையைத் தரவில்லை. கடைசியில் ஊரை யார் பெறுகிறார்கள் என்பதையும் அவர் மழுப்பவில்லை. கும்பல்கள் அழிந்தபின் படை வந்து அமைதி நிலைநாட்டப்படுகிறது. நகரம் மீண்டும் எலிஹு வில்சனின் கையிலேயே ஒப்படைக்கப்படுகிறது. நோயை வரவழைத்தவரிடமே மருந்தும் போய்ச் சேர்கிறது. பியூட் நகரை அறிந்த ஒருவரால்தான் அப்படி முடிக்க முடியும்.

புகழும் மௌனமும்

அதே ஆண்டில் வந்த 'தி டெய்ன் கர்ஸ்' வலுவற்ற நூல். அதைக் கடந்து செல்லலாம். 1930-இல் 'தி மால்டீஸ் ஃபால்கன்', 1931-இல் 'தி கிளாஸ் கீ', 1934-இல் 'தி தின் மேன்' என அடுத்தடுத்து வந்தன. முதல் நூலின் சாம் ஸ்பேட் உலகப் புகழ்பெற்றார். 1941-இல் ஜான் ஹூஸ்டன் இயக்கத்தில் ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த படம், திரைத் துப்பறிவாளர்களுக்கு நிரந்தர இலக்கணமானது. 'தி கிளாஸ் கீ' மீண்டும் கும்பல்களின் உலகம்: தேர்தல், லஞ்சம், அடியாட்கள், இவற்றுக்கு நடுவே நண்பனுக்காக அடிபடும் ஒருவன். ஹாமெட்டுக்கே மிகப் பிடித்த நூல் அதுதான் என்பர்.

ஐந்து ஆண்டுகளில் ஐந்து நாவல்கள். அப்போது அவருக்கு வயது 39. அதன்பின் இன்னும் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரு நாவலையும் முடிக்கவில்லை. ஹாலிவுட் பணத்தைக் கொட்டியது. அவர் அதை மதுவிலும் சூதாட்டத்திலும் விருந்துகளிலும் கொட்டினார். ஏன் எழுதவில்லை என்பதற்குப் பலர் பல காரணங்கள் கூறியுள்ளனர். மது ஒரு காரணம்தான். தாம் உருவாக்கிய பாணியைத் தாமே நகலெடுக்க விரும்பவில்லை என்பதும் நம்பத்தக்கதே. ஹெல்மனின் நாடகங்களைத் திருத்துவதில் மட்டும் அவரது கூர்மை குறையவில்லை.

முப்பதுகளின் பிற்பகுதியில் அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தார். வேலைநிறுத்தங்களை உடைக்க ஆள் அனுப்பிய நிறுவனத்தில் ஊதியம் பெற்றவர் தொழிலாளர் பக்கம் வந்து நின்றது, ஒரே இரவில் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை. 1942-இல் 48 வயதில், சிதைந்த நுரையீரலோடு, சாதாரணச் சிப்பாயாக மறுபடி ராணுவத்தில் சேர்ந்தார். அலாஸ்காவை ஒட்டிய அல்யூஷியன் தீவுகளில் ஒன்றான அடாக்கில், வீரர்களுக்காக நாளேடு ஒன்றைத் தொடங்கி நடத்தினார்.

பெயர்களைச் சொல்லாதவர்

போருக்குப் பின் குடியுரிமைகளுக்கான அமைப்பு ஒன்றின் நியூயார்க் பிரிவுக்குத் தலைவரானார். கைதாகும் இடதுசாரிகளுக்குப் பிணைத்தொகை கட்டுவதற்கென அந்த அமைப்பு ஒரு நிதியை வைத்திருந்தது. அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகத் தண்டிக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர்கள் பதினொரு பேருக்கு அந்த நிதியிலிருந்தே பிணை கட்டப்பட்டது. 1951 ஜூலையில் அவர்களுள் நால்வர் சரணடையாமல் தலைமறைவாகினர். நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் என்று சொன்னால் தலைமறைவானோரைத் தேட வழி கிடைக்கும் எனக் கருதிய நீதிமன்றம், அறங்காவலர்களை அழைத்தது.

ஜூலை 9-ஆம் தேதி ஹாமெட் சாட்சிக் கூண்டில் ஏறினார். பணம் கொடுத்தவர்களின் பெயர்களைக் கூற மறுத்தார். பதிவேடுகளைத் தரவும் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் உள்ள பெயர்கள் அவருக்கு உண்மையில் தெரியாது என்பதே ஹெல்மனின் சாட்சியம். தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஒருவேளை வீடு திரும்பியிருக்கலாம். கேள்வி கேட்கும் உரிமையையே ஏற்காதவர், அந்தச் சொல்லையும் சொல்லவில்லை. ஏறத்தாழ ஐந்து மாதங்கள் சிறையில் இருந்தார். அங்கு அவருக்குத் தரப்பட்ட வேலை கழிப்பறைகளைச் சுத்தம் செய்வது.

டிசம்பரில் வெளியே வந்தபோது உடல் நிரந்தரமாக நலிந்திருந்தது. வருமான வரித்துறை ஒரு லட்சம் டாலருக்கும் மேல் பாக்கி கேட்டு, எழுத்திலிருந்து வரும் வருவாயை முடக்கியது. அவரது கதாபாத்திரங்களை வைத்து நடந்துவந்த வானொலித் தொடர்கள் நின்றுபோயின. 1953-இல் செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தியின் குழு முன்பும் அழைக்கப்பட்டார். அங்கும் பலனளிக்கும் பதில் எதுவும் கிடைக்கவில்லை. வெளிநாடுகளில் அமெரிக்க அரசு நடத்திய நூலகங்களில் அவரது நூல்கள் சில காலம் அலமாரியிலிருந்து அகற்றப்பட்டன.

தமக்குத் தீங்கிழைத்தோரைப் பற்றி எழுதிக் கணக்குத் தீர்க்கும் ஆற்றல் அந்தப் பேனாவுக்கு இருந்தது. அதை அவர் கையில் எடுக்கவில்லை. நியூயார்க்குக்கு வெளியே கட்டோனா என்ற ஊரில், நண்பர் ஒருவர் வாடகை வாங்காமல் தந்த சிறு வீட்டில் சில ஆண்டுகளைக் கழித்தார். அங்கே தொடங்கிய 'டியூலிப்' என்ற தன்வரலாற்றுச் சாயல் கொண்ட நாவல் பாதியில் நின்றது. 1961 ஜனவரி 10-ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயால் நியூயார்க் மருத்துவமனையில் காலமானார். இரண்டு உலகப் போர்களிலும் சீருடை அணிந்தவர் என்ற முறையில், தமது விருப்பப்படியே ஆர்லிங்டன் தேசிய வீரர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்து நான்கு மாதங்கள்கூட முழுதாக ஆகாத ஏப்ரல் மாதத்தில் ஜப்பானில் அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' திரைக்கு வந்தது. இரண்டு கும்பல்கள் பங்கு போட்டுக்கொண்ட ஓர் ஊருக்கு, பெயரைக் கேட்டால் எதிரே தெரியும் வயலைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிவிடும் சாமுராய் வருகிறான். 1942-இல் வெளியான 'தி கிளாஸ் கீ' திரைப்படத்துக்குத் தாம் கடன்பட்டிருப்பதைக் குரோசாவா ஒப்புக்கொண்டார். கதையின் எலும்புக்கூட்டில் 'ரெட் ஹார்வெஸ்ட்' இருப்பதைத் திறனாய்வாளர்கள் சுட்டிக்காட்டினர்.

மூன்று ஆண்டுகள் கழித்து இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே அதே கதையை மெக்சிகோ எல்லைக்குக் கொண்டுபோய், கிளின்ட் ஈஸ்ட்வுட்டை நாயகனாக்கி 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தார். அனுமதி பெறவில்லை என்று ஜப்பானியத் தரப்பு உரிமை கோரியது. குரோசாவாவின் கதைக்கே மூலம் ஹாமெட்டின் நாவல்தான் என்று லியோனே பின்னாளில் வாதிட்டார். விவகாரம் சமரசத்தில் முடிந்து, வசூலில் 15 விழுக்காடு ஜப்பானியத் தரப்புக்குப் போனது. மொண்டானாவின் செப்புச் சுரங்கத்தில் தொடங்கி, ஜப்பானையும் இத்தாலியையும் சுற்றிவந்த அந்தக் கதை, ஈஸ்ட்வுட்டின் முகத்தோடு அமெரிக்கத் திரையரங்குகளை வந்தடைய 1967-ஆம் ஆண்டு ஆனது.